விளிம்பு பார்ப்பவர்

அக்காவுக்குப் பரிசம் போட வந்த அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, புடவையைத் திரையாகக் கட்டிய மூலையில் அக்கா, தாம்பாளம் எடுத்துக் கொடுக்க நான், மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும், அவர்கள் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர். பிறகு அவர். வராதவர்கள் இரண்டு பேர். மாப்பிள்ளை வரவில்லை; பரிசத்துக்கு மாப்பிள்ளை வருகிற வழக்கம் எங்களில் இல்லை. என் தாத்தாவும் இல்லை. ஜப்பான்காரன் காலத்திலேயே செத்துப்போயிருந்தார். அன்றைக்கு வாய் திறந்து பேசியிருக்க வேண்டியவர் தாத்தா ஒருவர்தான். பேசியது என்னவோ அவர்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. தன் பெயருக்கு அவரே வேண்டிய அளவு மரியாதை கொடுத்துக்கொண்டார். நான் வேறு கொடுக்க வேண்டாம்.

மலாக்காவின் காஜா பேராங் சாலையில், கீழே பாதி செங்கலும் மேலே பலகையுமான வீடு அவருடையது. சுங்க இலாகாவில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். முன்னறையில் கண்ணாடி போட்ட இரண்டு மேசைகள். அவற்றுக்குள் கறுப்பு வெல்வெட்டின் மேல் மெடல்கள். முதல் யுத்தத்து மெடல், இரண்டாம் யுத்தத்து நட்சத்திரம், ராஜா முடிசூடியதற்குக் கொடுத்தது, போலீசுக்குக் கொடுத்தது, கவர்னர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்கிற பெரிய எனாமல் பதக்கம் ஒன்று. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. துரைமார் வீட்டு ஆட்களிடமிருந்தும், சீனர்களின் பழஞ்சாமான் கடைகளிலிருந்தும், அடகுக் கடைகளில் மூழ்கிப்போனவற்றிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தவை. எதையும் அவர் வாங்கினார் என்று சொல்லக் கூடாது. "கண்டுபிடிச்சேன்" என்பார்.

கோட்டுப் பையில் எப்போதும் மூன்று சாமான்கள் இருக்கும்: கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்கிற பூதக்கண்ணாடி, தடிமன் அளக்கிற இடுக்கி, ஒரு கண்டு வெள்ளை நூல். கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் இவற்றோடுதான் போவார். யாராவது பழைய மெடலை எடுத்துக் காட்டினால் முதலில் நூலில் கட்டித் தொங்கவிட்டு நகத்தால் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு கண்ணாடியைக் கண்ணில் இடுக்கி விளிம்பைச் சுற்றுவார், வளையல் போடுகிறவள் கையைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி. முகப்பை மட்டும் கடைசியாகத்தான் பார்ப்பார்.

"முகத்தைப் பாக்காதே. முகத்தை எவன் வேணும்னாலும் செஞ்சுடுவான். விளிம்பைப் பாரு. அங்க எவனும் மெனக்கெட மாட்டான்."

இதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அவர் வீட்டுக்கு இங்கிலீஷ் பேப்பர் வரும். அதைப் படிக்கப் போவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். அவர் சொன்னவை எல்லாம் உண்மைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். அசலை அச்சில் வைத்து அடிப்பார்கள்; அதனால் ராஜாவின் தாடி மயிர்கூடத் தனித்தனியாக நிற்கும். போலியை வார்ப்பார்கள்; முகம் சோப்புக்கட்டி மாதிரி மொழுக்கென்று இருக்கும், உற்றுப் பார்த்தால் குண்டூசி முனை அளவில் காற்றுக் குமிழிகள் தெரியும், விளிம்பில் இரண்டு பாதியும் சேர்ந்த கோட்டை அரம் போட்டு ராவியிருப்பார்கள். வாங்கியவன் பேரும் நம்பரும் விளிம்பில் குத்தியிருக்கும். பழைய பேரை ராவிவிட்டு வேறு பேரை வெட்டினால் அந்த இடம் மட்டும் மெலிந்து நிற்கும். ஆபீசர்களில் சிலர் அசலை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, விருந்துக்குப் போட்டுக்கொள்ளத் தையற்கடையில் பிரதி ஒன்று செய்து வாங்குவார்கள். அது பிரதி, போலி அல்ல, ஏமாற்றுகிற எண்ணம் அதில் கிடையாது என்று அவரே எனக்கு விளக்கியிருக்கிறார். பிரதிக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரிந்தவர் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

மெடலோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. மனிதர்களையும் அவர் நூலில் கட்டித் தட்டினார். அவருக்கு உலகத்தில் இரண்டே வகை ஆட்கள், ஒரிஜினல், ரெப்ளிகா. என்னை ஒருநாள் பேப்பரிலிருந்து ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இங்கிலீஷ்தான். ஆனா லயத்துல வார்த்தது," என்றார். லயம் என்பது தோட்டத்தில் கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடு. நான் அங்கே பிறந்தவன்தான். அன்றைக்கு அதற்குச் சிரித்தும் வைத்தேன்.

பக்கத்துச் சந்தில் மலாக்காச் செட்டிகள் குடியிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் முன்னால் வந்தவர்கள்; கோயிலும் பொட்டும் பூஜையும் நம்முடையது, பேச்சு மட்டும் மலாய். அவர்களைப் பற்றி அவருடைய தீர்ப்பு, "முகம் தமிழு. விளிம்பைப் பாரு, மலாய்." ஒருநாள் தன் வீட்டு வாசலில் நின்று இதை உரக்கச் சொன்னபோது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன செட்டிப் பெரியவர் ஒருவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் நின்று, கோபமே இல்லாமல் மலாயில் கேட்டார். "பாப்பா லு நாயிக் காப்பால் மானா?" உன் அப்பன் எந்தக் கப்பலில் வந்தான் என்று அர்த்தம். நம்மவர் பேப்பரை விரித்துக்கொண்டார். தனக்குப் பதில் தெரியாத கேள்வி அவர் காதில் விழுந்ததே இல்லை.

இன்னொன்று. ஓய்வு பெற்ற போலீஸ் சார்ஜன் ஒருவர் இருந்தார், தமிழர். காட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் போய்க் காலில் குண்டு வாங்கியவர். விசேஷங்களுக்கு வெள்ளைச் சட்டை போட்டு மெடலைக் குத்திக்கொண்டு வருவார். ஒரு காதுகுத்து வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தவருடைய மார்பிலிருந்து, கேட்காமல் கொள்ளாமல், நம்மவர் இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பார்த்தார். இடுக்கியை எடுத்து விளிம்பை அளந்தார்.

"ஒரு மயிரிழை மெலிசா இருக்கே சார்ஜன். பழைய பேரை ராவியிருக்காங்க."

சார்ஜன் இலையைப் பார்த்தபடி சொன்னார். "என்னோடது வெள்ளத்துல போயிடுச்சுங்க. கடையில ஒண்ணு வாங்கி, பத்தர்கிட்டக் குடுத்து நம்ம பேரைப் போட்டுக்கிட்டேன். காட்டுல இருந்தது நான்தானுங்களே."

"காட்டுல இருந்தது நீ. இது இருந்தது வேற எவன் நெஞ்சிலயோ."

சார்ஜனின் மருமகன் எதிர் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் சார்ஜன் மெடல் குத்தி நான் பார்க்கவில்லை. நம்மவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ராவியிருந்தது உண்மை. அப்படிப்பட்ட உண்மையைத்தான் அவர் தேடித் தேடி எடுப்பார், பல்லிடுக்கில் சிக்கியதை எடுக்கிற மாதிரி. எடுத்தால் அதைப் பத்துப் பேருக்குக் காட்டவும் வேண்டும்.

இனி எங்கள் மெடலுக்கு வருகிறேன்.

தாத்தா முதல் யுத்தத்தில் சேலத்துப் பக்கத்திலிருந்து கூலிப்படையில் சேர்ந்து பாஸ்ராவுக்குப் போனவர். துப்பாக்கியைத் தொட்டதில்லை. கப்பலிலிருந்து மூட்டை இறக்கினார், ரோடு போட்டார், பிணம் புதைத்தார். யுத்தம் முடிந்து மெடல் வந்தது. ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் அம்மணமாகக் குதிரைமேல் ஒருவன். அதை மடியில் முடிந்துகொண்டுதான் மலாயாவுக்குக் கப்பலேறினார். ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்கார ராஜா தலை போட்ட சாமான் வீட்டில் இருந்தால் நம் தலை போகும் என்று பயந்து, பால்டின்னில் போட்டு எலுமிச்சை மரத்தடியில் புதைத்தார். ஜப்பான்காரன் போவதற்குள் அவரும் போய்விட்டார். அப்பா தோண்டி எடுத்தபோது மெடல் பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது.

அம்மா அதைத் தேய்த்தாள். வேறென்ன செய்வாள். செம்பு நிறத்தில் ஒரு சாமான் கறுத்துக் கிடந்தால் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் குத்துவிளக்கு, சொம்பு, மணி, மெடல் என்று வரிசையாக எடுத்து வைத்துத் தேய்ப்பாள். பளபளவென்று இருக்கும். பெருமையாகவும் இருக்கும். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரிந்து அதைப் படிக்க உட்கார்ந்தபோது விளிம்பில் மூன்று எழுத்துதான் மிச்சம் இருந்தது. தாத்தாவின் பேரை அம்மா மரியாதையோடு தேய்த்து அழித்திருந்தாள்.

அக்காவுக்கு இடம் வந்தது புக்கிட் காதில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கிராணி வீட்டிலிருந்து. ரோடு வேலை செய்கிறவர் வீட்டுப் பெண்ணைக் கிராணி தன் மகனுக்குக் கேட்டதே பெரிய காரியம். அப்பா அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டார். "எங்கப்பாவுக்கு ராஜா மெடல் குடுத்தாருங்க" என்று தொடங்கியது, இரண்டாவது சந்திப்பில் "ராஜா தன் கையால குடுத்தாருங்க" என்று ஆனது. எந்தத் தகப்பனும் அந்த இடத்தில் அந்த அளவு பேசுவான். பரிசத்தன்று வெற்றிலைத் தாம்பாளத்தில், பாக்குக்கும் மஞ்சளுக்கும் நடுவில், மெடலையும் வைத்தார். பெண் வீட்டின் சீர் மாதிரி. அதற்கு முந்தின நாள் அம்மா அதை ஒன்றுக்கு இரண்டு தடவை தேய்த்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் பெரிய மனிதர் ஒருவர் கூட இருக்கட்டும் என்று அவரை அழைத்து வந்திருந்தார்கள். கிராணியும் அவரும் பழைய பழக்கம். அவர் உள்ளே வந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். உட்கார்ந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது.

அப்பா சந்தோஷமாக எடுத்து நீட்டினார். "பாருங்கய்யா. உங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்."

நூலில் கட்டினார். தட்டினார். அம்மா தேய்த்துத் தேய்த்து மெலிந்த வெண்கலம், டொக் என்றது.

"வெள்ளியா இருந்தா பாடும். இது இருமுது."

விளிம்பைச் சுற்றினார். மூன்று எழுத்தில் ஒரு கணம் நின்றார், கடந்து போனார். முகப்பைப் பார்த்தார். ராஜாவுக்கு மூக்கும் இல்லை, தாடியும் இல்லை. கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்துத் துடைத்தார்.

"ரெப்ளிகா," என்றார்.

கிராணிக்குப் புரியவில்லை. "அப்டின்னா?"

பிரதி என்று சொல்லியிருக்கலாம். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நல்ல காரியம் நடக்கிற வீடு. அவர் நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"போலி. இந்த மெடல் வெள்ளியில அடிச்சது. இது ஏதோ பித்தளைப் பட்டறையில வார்த்தது. பேரும் இல்ல, முகமும் இல்ல. ராஜா கையால குடுத்தாராம்ல."

அப்பா எழுந்து நின்றார். "ஐயா, எங்கப்பா கூலிப்படையில பாஸ்ராவுக்குப் போனவருங்க."

"போயிருப்பாரு. நான் ஆளைப் பத்திச் சொல்லலையே. சாமானைப் பத்திச் சொன்னேன்."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. கிராணி பரிசத்தை முறிக்கவில்லை. முறித்திருந்தால் ஒருவேளை நன்றாக இருந்திருக்கும். அவர் ரொம்ப அமைதியாக அப்பாவிடம் சொன்னார். "இதுல போயி பொய் சொல்லுவாங்களா. சரி விடுங்க. பேசினதுக்கு மேல ஒரு அஞ்சு பவுன் சேத்துப் போட்டுடுங்க. அதை நாங்களே நிறுத்துப் பாத்துக்குவோம்லா."

அப்பாவுக்கு மாதம் தொண்ணூறு வெள்ளி, அதாவது டாலர், வந்தால் அதிகம். சரி என்றார். நம்மவர் வெற்றிலை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரோடு போய்விட்டார். வாசலில் என்னிடம் மட்டும், "அம்மாகிட்டச் சொல்லு, பித்தளைன்னாலும் இவ்வளவு தேய்க்கக் கூடாது," என்றார்.

வட்டிக்கடைச் செட்டியாரிடம் கடன் வாங்கி அக்காவின் கல்யாணம் நடந்தது. மேலே படிக்கிற எண்ணத்தை விட்டுவிட்டு நான் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதப் போனேன். அக்கா முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, மாமியார் தன்னை எப்படிக் கூப்பிடுகிறாள் என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "போலி மெடல் வீட்டுப் பொண்ணு." குழம்பில் உப்புக் குறைந்தாலும் அதுதான், துணி காயாவிட்டாலும் அதுதான். அவள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. மெடலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டார். அந்த வருஷம் தீபாவளிக்கு அம்மா விளக்கை மட்டும் தேய்த்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தேன். குருபோங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார், அவரும் பாஸ்ராவுக்குப் போனவர் என்று தெரிந்தது. போய்ப் பார்த்தேன். தாத்தாவைத் தெரியாது என்றார்; ஆயிரம் பேரில் யாரைத் தெரியும் என்றார். ஆனால் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு மெடலை எடுத்தார். அதே செம்பு நிறம். ஒரு நாளும் தேய்க்காதது, கறுத்துப்போயிருந்தது. விளிம்பில் அவர் பெயரும் நம்பரும் படையின் பெயரும் முழுசாக இருந்தன. முகப்பில் ராஜாவுக்கு மூக்கு, தாடி எல்லாம் இருந்தது. பெரியவரைக் கையோடு பஸ்ஸில் ஏற்றி, எங்கள் மெடலையும் எடுத்துக்கொண்டு, நேராக நம்மவர் வீட்டுக்குப் போனேன்.

இரண்டையும் மேசையில் வைத்தேன். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அச்சில் அடித்தது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. பேர் குத்தியிருப்பதையும் படித்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்.

"நான் சொன்னது சரியாப் போச்சு பாத்தியா. ரெண்டும் ஒரே பட்டறை."

பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நான் அவர் காதருகில் குனிந்து சொன்னேன். அவர் நம்மவரைப் பார்த்துக் கேட்டார். "அப்ப நான் பாஸ்ராவுல மூட்டை தூக்குனதும் போலிங்களா?"

"மூட்டை தூக்கினவனுக்கு எதுக்குப்பா ராஜா மெடல் குடுக்கிறாரு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்குப் பரிசத்தில் அவர் தட்டிப் பார்த்தது வெண்கலத்தை அல்ல. கூலிக்கு மெடல் கிடைக்காது என்பதை உள்ளே வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். நூலும் கண்ணாடியும் சும்மா பேச்சுக்கு.

அவர் பெரியவருடைய மெடலை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பார்க்க ஜன்னல் பக்கம் போனார். நான் நின்ற இடத்தில் நாற்காலி முதுகில் அவருடைய கறுப்புக் கோட்டு தொங்கியது. இடது மார்புப் பக்கம் பொடிப்பொடியாகத் துளைகள், ஒரே வரிசையில். அவருக்கு யாரும் மெடல் கொடுத்ததில்லை. முப்பது வருஷ வேலைக்கு வெள்ளைக்காரர்கள் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பியது ஊருக்கே தெரியும். கண்ணாடி மேசையில் இருந்ததையெல்லாம் எடுத்து, யாரும் இல்லாதபோது, அந்தக் கோட்டில் குத்திப் பார்த்திருக்கிறார். பாவம் என்று நினைக்க வேண்டிய இடம் அது. நான் நினைக்கவில்லை. பெரியவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சுதந்திரம் வந்தது. ஊரில் கொடி மாறியது. ராஜா தலை போட்ட சாமான்களுக்கு இனி மதிப்பில்லை என்று பலரும் வந்த விலைக்குத் தள்ளினார்கள். அவர் இன்னும் நிறையக் கண்டுபிடித்தார். அந்தச் சமயத்தில் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் அவருடைய மேசைகளைப் பார்க்க வந்தார். அவரும் மெடல் சேர்க்கிறவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்த யுத்த மெடலின் வெண்கலம் உங்களிடம் இல்லையா, கூலிப்படைக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தார்களே, வெள்ளி எங்கே பார்த்தாலும் கிடைக்கும், அது சுலபத்தில் கிடைக்காது என்று கேட்டாராம். இதை எங்களிடம் சொன்னது நம்மவரேதான். மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் நின்றார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

மன்னிப்புக் கேட்பார் என்று அம்மா நினைத்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உன்கிட்ட ஒரு வெண்கலம் இருந்துச்சே," என்றார் அப்பாவிடம். "முப்பது வெள்ளி தர்றேன்."

அப்பா புரியாமல் பார்த்தார். "போலின்னு சொன்னீங்களேய்யா."

"வெண்கலத்துலயும் அடிச்சிருக்கான். கூலிப்படைக்கு. அது இப்பத்தான் வெளிய வந்த விஷயம். அதுக்கு நான் என்ன செய்யறது?"

"எங்கப்பா கூலிப்படைன்னு நான் அன்னைக்கே சொன்னேங்களே."

"நீ ராஜா கையால குடுத்தாருன்னு சொன்னே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு பொய்யை நம்மவர் கடைசி வரைக்கும் கைப்பிடியாக வைத்திருந்தார். நான் ஏதோ சொல்ல எழுந்தேன். அப்பா கையைக் காட்டி உட்கார வைத்தார். உள்ளே போய்த் துணி முடிச்சைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பணம் வேணாங்கய்யா. சும்மாவே தர்றேன். எங்கூட வந்து சம்பந்தி வீட்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இது அசல்னு."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். முப்பது வெள்ளியை அறுபது ஆக்கினார், எழுபத்தைந்து ஆக்கினார். அப்பா முடிச்சை அவிழ்க்கவில்லை. "சொன்னதை மாத்திச் சொன்னா என் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கும், நீயே சொல்லு," என்றார் நம்மவர். மெடல்மேல் இருந்த ஆசை கடைசியில் வென்றது. ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டார். பஸ்ஸில் வர முடியாது, டாக்சி வைக்க வேண்டும் என்றார்.

டாக்சியில் போனோம். அப்பா ஒரு பிஸ்கட் டின் வாங்கிக்கொண்டார். கிராணி வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். மாப்பிள்ளை, மாமியார், அடுப்படிக் கதவருகில் அக்கா. நம்மவர் நடுவில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

"இந்த மெடல் அபூர்வமானது. அசல். அன்னைக்கு நான் முதல் பார்வையில ஒரு அபிப்பிராயம் சொன்னேன். இப்ப முழுசா ஆராய்ஞ்சாச்சு."

கிராணி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அன்னைக்கு ஆராயலையா சார்? நூலெல்லாம் கட்டித் தட்டுனீங்களே."

"வெளிச்சம் போதல."

"நடுப்பகல்லா அது."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கிராணி மட்டும் சிரிக்கவில்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "போலின்னதும் நீங்கதான். அசல்ங்கிறதும் நீங்கதான். ரெண்டு பேச்சுல எது ஒரிஜினல்னு நாங்க எவரைக் கூட்டியாந்து தட்டிப் பாக்கிறது?"

இந்தக் கேள்வி அவர் காதில் விழுந்தது. எனக்கு நிச்சயமாகத் தெரியும்; வாய் வரை கொண்டுபோன கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார். அதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்தில் அப்பாவைப் பார்த்தபோது அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. அந்தக் கேள்வி நம்மவர் பேச்சைத் தள்ளியபோது எங்கள் மெடலையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. போலி என்று அவர் சொன்னதை ஒரு நிமிஷத்தில் நம்பியவர்கள், அசல் என்று அவர் சொன்னதை நம்பத் தயாராக இல்லை. அந்த ஐந்து பவுன் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. புறப்படும்போது அக்கா வாசல் வரை வந்து, அப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, "விடுங்கப்பா. இது இல்லாட்டி இன்னொண்ணு சொல்லப் போறாங்க," என்றாள்.

டாக்சியில் ஏறியதும் அப்பா முடிச்சை அவிழ்த்து மெடலை முன்சீட்டில் இருந்த அவரிடம் நீட்டினார். நான் கையைப் பிடித்தேன். "எதுக்குப்பா? ஒண்ணும் நடக்கலையே."

"சொல்றேன்னாரு, சொன்னாரு. குடுக்கிறேன்னேன், குடுத்துட்டேன்," என்றார் அப்பா.

அவர் அப்போதே கண்ணாடியை இடுக்கிக்கொண்டார். குலுங்குகிற காரில் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே கேட்டார்.

"உன் அப்பன் முழுப் பேரு என்ன? கீழ அட்டை வைக்கணும்."

அப்பா தாத்தாவின் பெயரை, அவருடைய அப்பா பெயரோடும் ஊரோடும் சேர்த்துச் சொன்னார். எங்கள் குடும்பத்துக்கு வெளியே அந்தப் பெயரை ஒருவர் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு, "இப்படியா தேய்ப்பீங்க பாவிகளா. பாதி விலை போச்சு," என்றார்.

கூட்டிப் பார்க்கத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். கடன் தீர்ந்த அன்று, அந்தப் 'போலி' என்ற ஒரு சொல்லுக்கு எங்களுக்கு ஆன செலவை உட்கார்ந்து கூட்டினேன். ஐந்து பவுன், பத்தர் கூலி, செட்டியார் வட்டி, டாக்சி, பிஸ்கட் டின். மெடலைச் சேர்க்காமல், இருநூற்று எண்பத்தேழு வெள்ளி.